ஜெமைமா லூட்டிட் தேடிய ஸ்காட்லாந்துக்காரன்

ஜெமைமா லூட்டிட்டுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்களை நம்பலாம், காலையில் கத்திவிட்டு மத்தியானம் டீ போட்டுக் கொடுத்துவிடுவார்கள். ஜெமைமா வாயை இறுக்கி மூடிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். ரெட் ஆறு ஏரியில் போய் விழுகிற இடத்துச் சதுப்பில் பொறி வைத்து நீரெலி பிடிப்பதும், தோலை உரித்துப் பலகையில் இழுத்துக் காயவைத்துத் தோல் வாங்கும் கம்பெனிக்காரனிடம் போடுவதும் அவள் பிழைப்பு. அவள் கோபமாக இருக்கிறாளா என்று தெரியவேண்டுமானால் கத்தியைக் கவனிக்கவேண்டும். சாதாரண நாளில் அது எலியின் மேல் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். கோபமான நாளில் பலகையில் டக் டக்கென்று இடிக்கும். அந்த வசந்தகாலம் முழுக்க இடித்துக்கொண்டேதான் இருந்தது.

காரணம், மேற்குக் கரையில் கல்வீட்டில் இருந்த மிஸ் யூஃபீமியா கின்லாக்.

எங்கள் பக்கத்தில் கிழக்குக் கரை என்றால் மரவீடு, வெள்ளையும் பழங்குடியும் கலந்த கலப்பு ஜனம், மீன் வாடை. மேற்குக் கரை என்றால் கல்வீடு, ஸ்காட்லாந்துப் பெருமை, பியானோ. நடுவே ஓடுவது ஓர் ஆறு. குளிர்காலத்தில் அதுவும் உறைந்து ரோடாகிவிடும். ஆனாலும் அதைத் தாண்டிப் பெண் எடுத்ததாக மேற்குக் கரையில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

ஜெமைமாவின் ஒரே பெண் லாட்டி. புருஷன் சண்டைக்குப் போய் பிரான்சிலேயே மண்ணாகிவிட்டபோது லாட்டி இடுப்புக் குழந்தை. தனி ஆளாக வளர்த்த பெண். அவளுக்கும் மிஸ் கின்லாக்கின் அக்காள் மகன் ஹெக்டருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஹெக்டர் அப்பா அம்மா இல்லாத பையன். மிஸ் கின்லாக் கல்யாணமே செய்துகொள்ளாமல் அவனை வளர்த்து ஆளாக்கியிருந்தாள். விஷயம் காதுக்கு எட்டியதும் ஜெமைமாவைக் கூப்பிட்டனுப்பினாள். உட்காரச் சொன்னாள். மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. அதுதான் ஜெமைமாவுக்குக் கடைசிவரை ஆறவில்லை.

"உன் பொண்ணு நல்ல பொண்ணு ஜெமைமா. நான் குறை சொல்லலை. ஆனா நாங்க யாருன்னு எங்களுக்குத் தெரியும். எங்க தாத்தா, அவரோட அப்பா, அவரோட அப்பான்னு ஏழு தலைமுறைக்கு யார் யார் ஸ்காட்லாந்துல எந்தச் சர்ச்சுத் தோட்டத்துல இருக்காங்கன்னு நான் இங்க உக்காந்தபடியே சொல்லுவேன். நீ சொல்லேன் பார்ப்போம். உன் தாத்தாவோட அப்பா யாரு?"

"லூட்டிட்."

"எந்த ஊர் லூட்டிட்? எந்தக் குடும்பம்?"

ஜெமைமாவுக்குத் தெரியவில்லை. கலப்பு ஜனத்துக்கு ஸ்காட்லாந்துக்காரன் என்பவன் படகில் வந்தவன், பெயரைக் கொடுத்தவன், அவ்வளவுதான். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

"பாத்தியா. உனக்கே தெரியாத ரத்தத்தை எங்க ரத்தத்தோட எப்படிக் கலக்கச் சொல்றே? தெளிஞ்ச தண்ணியில சேத்துத் தண்ணி ஊத்துவாங்களா?"

ஹெக்டர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் அப்படி என்ன இருந்ததோ.

அந்த வாரமே லாட்டி வினிப்பெக்குக்குப் போய் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள். அழவில்லை. "இந்த ஆத்துப் பக்கமே நான் வரமாட்டேம்மா. எல்லாரும் என்னைப் பாவம்னு பாப்பாங்க" என்றாள், பஸ் ஏறினாள். ஜெமைமா வீட்டுக்கு வந்து கத்தியை எடுத்தாள்.

பழிவாங்குவது என்று முடிவு செய்தபிறகு அவளுக்குத் தோன்றிய முதல் வழி சின்னப்பிள்ளைத்தனமானது. லூட்டிட் பரம்பரையைத் தேடிக் கண்டுபிடிப்பது. அதில் ஒரு கோட்டையோ பிரபுவோ அகப்பட்டால் அதை எடுத்துப்போய் அந்தக் கல்வீட்டின் முகத்தில் அடிப்பது. பாதிரியார் டெய்ட் அந்தக் கோடையில் விடுமுறைக்கு ஸ்காட்லாந்து போக இருந்தார். ஜெமைமா ஒரு கூடை புகைபோட்ட மீனோடு போய் அவர் முன் நின்றாள்.

"வில்லியம் லூட்டிட்னு ஒருத்தர், ஃபாதர். ஆர்க்னி தீவுன்னு மட்டும் தெரியும். கம்பெனிப் படகுல துடுப்பு போட வந்தவரு. அவரோட ஜனம் யாருன்னு விசாரிச்சுட்டு வரணும்."

"கோட்டை கிடைக்கும்னு எதிர்பார்க்காதே ஜெமைமா."

"ஒரு மதிலாவது கிடைக்கட்டும்."

இலையுதிர் காலத்தில் பாதிரியார் திரும்பி வந்தார். மதிலும் கிடைக்கவில்லை. வில்லியம் லூட்டிட் மீன் பிடிக்கிற வீட்டு மூன்றாவது பிள்ளை. அந்த வீட்டில் இப்போதும் லூட்டிட்டுகள்தான் இருக்கிறார்கள், இப்போதும் மீன்தான் பிடிக்கிறார்கள், கூரை இப்போதும் ஒழுகுகிறது. நல்ல மனிதர்கள், பாதிரியாருக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"ஒரு விஷயம்தான் கொஞ்சம் உறுத்துது" என்று பாதிரியார் தாடையைச் சொறிந்தார். "வில்லியம் கப்பல் ஏறின வருஷத்தை அவங்க மறக்கவே இல்லை. அந்த வருஷம்தான் அவங்க தீவுல திமிங்கிலக் கூட்டம் கரை ஒதுங்குச்சாம். அந்த வருஷம் எதுன்னு அங்க எல்லாருக்கும் தெரியும். நம்ம சர்ச்சுத் தோட்டத்துல உன் தாத்தா ஜேம்ஸோட கல்லு இருக்கில்ல? அதுல போட்டிருக்கிற பிறந்த வருஷம் அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி."

ஜெமைமா யோசித்தாள். "அப்போ தாத்தா பிறந்தப்போ வில்லியம் இந்த நாட்டுலயே இல்ல."

"இல்ல" என்றார் பாதிரியார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பாள். மூக்கறுபட்டவளை மறுபடி மூக்கறுத்தது போல்தானே இது. கோட்டையைத் தேடிப் போனவளுக்குக் கிடைத்தது, பெயரே நம்முடையதில்லை என்ற சேதி. ஜெமைமா நேராகப் பெரியப்பா சாண்டியின் வீட்டுக்கு நடந்தாள். லூட்டிட்டுகளில் மிச்சமிருந்த கிழம் அவர் ஒருவர்தான். அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குழாய் புகைப்பதும், யார் எது கேட்டாலும் ஞாபகமில்லை என்பதும்தான் அவருடைய முழுநேர வேலை.

"பெரியப்பா, எங்க தாத்தாவுக்கு அப்பன் யாரு?"

"லூட்டிட்."

"அது பேரு. அப்பன் யாரு?"

"எனக்கு ஞாபகம் இல்ல புள்ள."

ஜெமைமா அவர் மடியிலிருந்த புகையிலைப் பையை எடுத்தாள். இன்னொரு கையால் அடுப்பு மூடியைத் தூக்கினாள்.

"அடி பாவி! அது வர்ற மாசம் வரைக்கும் வெச்சிருக்கிறதுடி!"

"ஞாபகம் வருதா?"

வந்தது. பை அடுப்புக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தவரைக்கும் அவருக்கு எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது.

"அந்தக் காலத்துல கம்பெனித் துரைமாருக்கு ஒரு வழக்கம் இருந்துச்சு. இங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துவாங்க. ஊருக்குத் திரும்புற காலம் வந்தா அவளைச் சும்மா விட்டுட்டுப் போறது மரியாதை இல்லையாம். அதனால இன்னொருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துட்டுப் போவாங்க. படகைக் கொடுக்கிற மாதிரி. நம்ம ஆச்சி நான்சியை அப்படித்தான் கொடுத்தான் அவன். வாங்கிக்கிட்டவரு வில்லியம். தங்கமான மனுஷன். கைக்குழந்தையா இருந்த எங்க அப்பனுக்குத் தன் பேரைக் கொடுத்தாரு. யாரும் எதுவும் கேக்கக்கூடாதுன்னு."

"கொடுத்துட்டுப் போனவன் யாரு?"

"பையை முதல்ல கீழ வையி."

"யாரு?"

சாண்டி குரலை இறக்கினார். "கின்லாக். அந்தக் கல்வீட்டுக்காரியோட தாத்தன். நான்சிக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவனுக்கு விவரம் தெரியிற வயசு, கொஞ்சம் வெளுப்பு. அவனைக் கப்பல்ல கூட்டிட்டுப் போயிட்டான். சின்னவன் கறுப்பு. இங்கேயே விட்டுட்டான். பெரியவன் படிச்சு, வெள்ளைக்காரப் பொண்ணைக் கட்டிக்கிட்டு, பெரிய மனுஷனா திரும்பி வந்து அந்தக் கல்வீட்டைக் கட்டினான். அசல் ஸ்காட்லாந்துக்காரன்னு சொல்லிக்கிட்டான். அவன்தான் இவளோட அப்பன்."

ஜெமைமா உட்கார்ந்துவிட்டாள். "நான்சிக்குத் தெரியுமா, அவன்தான்னு?"

"பெத்தவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்காந்து அவன் பிடரியைப் பாத்துக்கிட்டிருப்பா. நான் சின்னப் பையன், பக்கத்துல உக்காந்திருப்பேன். ஒரு நாள் அவனோட கையுறை கீழ விழுந்துச்சு. கிழவி எடுத்துக் கொடுத்தா. 'நன்றி, நல்ல கிழவி'ன்னு சொல்லிட்டுப் போனான். அவ வீட்டுக்கு வந்து, 'என்கிட்ட பேசிட்டான்'னு எல்லார்கிட்டயும் சொன்னா. சின்னவன்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டா. யாரும் வாயைத் திறக்கக்கூடாது, அவன் வெள்ளையாவே இருந்துட்டுப் போகட்டும்னு."

"அவளும் போயிட்டா, சத்தியம் பண்ணினவரும் போயிட்டாரு" என்று ஜெமைமா எழுந்தாள். புகையிலைப் பையை அவர் மடியில் போட்டாள். "நான் சத்தியம் பண்ணலை."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதையே மென்றுகொண்டு நடந்தாள். சேற்றுத் தண்ணீராம். மிஸ் கின்லாக் வாய் ஓயாமல் சொல்கிற ஏழு தலைமுறையும், அந்தச் சேற்றில் ஊன்றிக்கொண்டுதானே நிற்கிறது! கோட்டை இனி வேண்டாம். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு சொல். அந்தப் பொம்பளை தன் வாயால், தன் ஆட்கள் முன்னால், இவர்கள் என் சொந்தம் என்று சொல்லவேண்டும். சொல்ல வைக்காமல் தான் சாகப்போவதில்லை.

அதற்கு நாள் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை. எங்கள் ஜனத்துக்குப் புத்தாண்டுதான் முத்த நாள். காலையில் வண்டி கட்டிக்கொண்டு சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போவோம். பெரியவர், சின்னவர், பேசாதவர், சண்டைபோட்டவர் எல்லாரும் முத்தம் கொடுத்துக்கொள்ளவேண்டும், சாப்பிடவேண்டும். ஒரு வீட்டில் முத்தம் வாங்கிக்கொண்டவர்கள் அடுத்த வருஷம் அதைத் திருப்பித்தர வந்தே ஆகவேண்டும். அன்றைக்கு ஒருவருக்கு முத்தம் மறுத்தால், உன்னைப் புதைத்துவிட்டேன் என்று அர்த்தம். மேற்குக் கரையில் வேறு வழக்கம். புத்தாண்டில் முதன்முதலாக வாசல்படி மிதிக்கிறவர் கறுப்புமுடிக்காரராக இருந்தால் வருஷம் முழுக்க அதிர்ஷ்டமாம். கரித்துண்டும் ரொட்டியும் கொண்டுவருகிறவரைத் திருப்பி அனுப்பினால் தரித்திரமாம். மிஸ் கின்லாக் இதில் ரொம்பக் கறார். வருஷா வருஷம் பாங்கி குமாஸ்தா ஒருவரை, தலைமுடிக்காகவே, ஏற்பாடு செய்து வைத்திருப்பாள்.

ஜெமைமா லாட்டிக்குச் சொல்லியனுப்பினாள்: இந்தப் புத்தாண்டுக்கு நீ வராவிட்டால் எனக்கு மகளே இல்லை. லாட்டி வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

புத்தாண்டுக் காலையில் பனிச்சறுக்கு வண்டிகள் வரிசையாக ஆற்றைக் கடந்தன. லூட்டிட் என்று பெயர் வைத்த அத்தனை பேரும், அவர்களைக் கட்டிக்கொண்டவர்களும், கைக்குழந்தைகளும், ஒரு பிடிலும். சாண்டியை எருமைத்தோலில் சுருட்டி மூட்டை மாதிரி ஏற்றியிருந்தார்கள். "என்னை எதுக்குடி கூட்டிட்டுப் போறே?" என்று அவர் வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். "சாட்சி சொல்ல" என்றாள் ஜெமைமா. அவர் முகம் வெளுத்ததை அவள் கவனித்திருக்கவேண்டும். கவனிக்கவில்லை.

பாங்கி குமாஸ்தா கேட்டருகே கரித்துண்டோடு குளிரில் நின்றுகொண்டிருந்தார். ஜெமைமா அவரைத் தாண்டிப் போய் முன்வாசல் மணியை அடித்தாள். மிஸ் கின்லாக்கே வந்து திறந்தாள், கையில் முதல் விருந்தாளிக்கான தட்டோடு.

"புத்தாண்டு வாழ்த்து, மிஸ். கறுப்புமுடி வேணும்னு கேள்விப்பட்டோம். வண்டி நிறைய கொண்டாந்திருக்கோம்." ஒரு கரித்துண்டையும் பேனக் ரொட்டியையும் அந்தத் தட்டில் வைத்துவிட்டு ஜெமைமா உள்ளே காலை வைத்தாள். பின்னாலேயே அத்தனை பேரும்.

கூடத்தில் ஸ்காட்லாந்துச் சங்கத்துப் பெரிய மனிதர்கள் கட்டம்போட்ட பாவாடை கட்டிக்கொண்டு கணப்புக்கு முன்னால் முழங்காலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் டெய்ட் கேக் தின்றுகொண்டிருந்தார். ஹெக்டர் லாட்டியைப் பார்த்துவிட்டுச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டான்.

"ஜெமைமா, இது என்ன?" என்றாள் மிஸ் கின்லாக்.

"சொந்தக்காரங்க வீட்டுக்கு முத்த நாளுக்கு வந்திருக்கோம். ஏழு தலைமுறை சொன்னீங்களே. ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். உங்க அப்பாவைப் பெத்தவங்க யாரு?"

"மார்கரெட். அப்பா குழந்தையா இருக்கிறப்பவே ஸ்காட்லாந்துல காய்ச்சல்ல இறந்துட்டாங்க."

"இல்ல. நான்சி. நம்ம சர்ச்சுத் தோட்டத்துல வேலி ஓரமா, கல்லு கூட இல்லாம கிடக்காங்க. க்ரீ பழங்குடிப் பொம்பளை. எங்க ஆச்சி. உங்களுக்கும் ஆச்சி."

மிஸ் கின்லாக் சிரித்தாள். நல்ல சிரிப்பு, பழகின சிரிப்பு. "யார் சொன்னது?"

"பெரியப்பா, சொல்லுங்க."

எல்லாரும் சாண்டியைப் பார்த்தார்கள். சாண்டி மிஸ் கின்லாக்கைப் பார்த்தார். அவர் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டுக்கு விறகு வெட்டியவர். கழுத்து மெதுவாக எருமைத்தோலுக்குள் இறங்கியது.

"எனக்கு... சரியா ஞாபகம் இல்ல, மிஸ்."

பாவாடைக்காரர்களில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ஜெமைமாவுக்கு முகம் செத்துவிட்டது. வசந்தகாலத்திலிருந்து மனசில் தீட்டித் தீட்டி வைத்திருந்த கத்தி, எடுத்தபோது பிடி கழன்று கையோடு வந்துவிட்டது. லாட்டி அவள் முழங்கையைத் தொட்டு, "போலாம்மா" என்றாள். அந்த அவமானத்தை இரண்டாம் முறை லாட்டிக்கு வாங்கிக்கொடுத்தது தான்தான் என்று நினைத்தபோது ஜெமைமாவுக்குச் சாண்டியை அங்கேயே கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

அப்போதுதான் பெக்கி வாயைத் திறந்தாள். ஜெமைமாவின் சித்தப்பா பெண், பருத்த உடம்பு, எங்கே போனாலும் முதலில் சுவரைப் பார்க்கிற ஜாதி.

"ஏய் ஜெமைமா! இவங்க எதுக்குக் குழந்தையோட பாசிப்பையைக் கண்ணாடி போட்டு மாட்டி வெச்சிருக்காங்க?"

கணப்புக்கு மேலே, நடுநாயகமாக, கறுப்புக் கம்பளித் துணியில் மணிகோத்த பூவேலை செய்த ஒரு நீளப்பை.

"அது பேக்பைப் உறை, அம்மா" என்றார் சங்கத் தலைவர், நெஞ்சை நிமிர்த்தி. "மிஸ் கின்லாக்கோட அப்பா ஸ்காட்லாந்துலேருந்து கொண்டுவந்தது. நம்ம ஊர்வலத்துல வருஷா வருஷம் என் வாத்தியத்துக்கு இதைத்தான் மாட்டுவோம்."

பெக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "அய்யா, இது கைப்பிள்ளையைக் கட்டி வைக்கிற பை. உள்ள சதுப்புல எடுத்த காஞ்ச பாசியை அடைச்சு, பிள்ளையை விட்டு, முன்னாடி கயிறு போட்டு இறுக்குவோம். அந்தப் பாசிதான் ஈரம் குடிக்கும். இதோ கயிறு போடுற காது. கீழ இருக்கு பாருங்க சின்ன ஓட்டை, அது எதுக்குத் தெரியுமா? ஆம்பளைப் பிள்ளை ஒண்ணுக்குப் போக. இதையா வருஷா வருஷம் கக்கத்துல வெச்சுக்கிட்டு ஊதினீங்க?"

லூட்டிட் பெண்கள் முந்தானை மாதிரிச் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டும் சிரிப்பு அடங்கவில்லை. பிடில்காரன் சுவரில் சாய்ந்து சிரித்துச் சிரித்து அழுதான். பாதிரியாருக்குக் கேக் புரையேறியது. சங்கத் தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

ஜெமைமா சிரிக்கவில்லை. அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து இதழ், நான்கு சிவப்பு, ஒன்று நீலம். லூட்டிட் வீட்டில் பிறக்கிற, வாக்கப்படுகிற ஒவ்வொருத்திக்கும் மூத்தவர்கள் சொல்லிக்கொடுக்கிற பூ அது. வேறு யாரும் ஒற்றை இதழை நீலமாகத் தைப்பதில்லை. கப்பலுக்குப் போகிற பிள்ளையின் பெட்டியில் நான்சி அவன் கிடந்த பையை வைத்து அனுப்பியிருக்கிறாள். வேறென்ன இருந்திருக்கும் அவளிடம் கொடுக்க? ஜெமைமா பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலை முன்னால் வைத்தாள். அவளுடைய தோல்செருப்பில் அதே பூ. பெக்கி தன் காலை வைத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக, லாட்டி கடைசியாக. கம்பளத்தின் மேல் வரிசையாக அதே பூ.

"சொல்லுங்க மிஸ்" என்றாள் ஜெமைமா. "நாங்க யாரு?"

மிஸ் கின்லாக் பாதிரியாரைப் பார்த்தாள். அவர் கோப்பைக்குள் பார்த்தார். ஹெக்டரைப் பார்த்தாள். அவன் வழக்கம்போல் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொந்தம்" என்றாள்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கலை."

"எங்க சொந்தம்." குரல் உயர்ந்தது, உடையவில்லை. "எங்க அப்பாவோட தம்பி வீட்டு ஜனம்."

அந்தச் சொல்லுக்காக இத்தனை மாசம் காத்திருந்தவள் ஜெமைமா. அது காதில் விழுந்தவுடன் குளிர்ந்திருக்கவேண்டும். அவளுக்கோ கோபம் தலைக்கு ஏறியது.

"தம்பின்னு நான் சொல்லவே இல்லையே. ஆச்சி பேரு மட்டும்தானே சொன்னேன்."

மிஸ் கின்லாக்கின் கண் கணப்புக்கு மேலிருந்த பைக்குப் போய் வந்தது.

"தெரியும் உங்களுக்கு. எல்லாம் தெரிஞ்சுக்கிட்டுத்தான் என் பொண்ணைச் சேறுன்னீங்க."

மிஸ் கின்லாக் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு யாரும் எதிர்பாராத காரியம் செய்தாள். நாலு எட்டு நடந்து வந்து, முத்த நாள் வழக்கப்படி, ஜெமைமாவுக்கு முன்னால் கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவளுக்கு இந்த வழக்கமும் தெரிந்திருந்தது.

ஜெமைமா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆற்றின் இரண்டு கரையும் பார்க்க, திருப்பிக்கொண்டாள். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள்.

அந்த இடைவெளியில் லாட்டி முன்னால் வந்து, அந்தக் கன்னத்தில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள்.

"புத்தாண்டு வாழ்த்து, பாட்டி. அடுத்த வருஷம் நீங்க எங்க வீட்டுக்கு வரணும். வழக்கம். இல்லையா ஃபாதர்?"

"நிச்சயமா, நிச்சயமா" என்றார் பாதிரியார், எங்கேயாவது ஓடிவிட்டால் போதும் என்ற குரலில்.

போகிறபோது ஹெக்டர் வாசலில் வழிமறித்தான். "லாட்டி, இப்போதான் எல்லாம் சரியாயிடுச்சே. இனிமே நாம..."

லாட்டி சாண்டியின் பக்கம் திரும்பினாள். "தாத்தா, இவரு எனக்கு என்ன முறை?"

சொந்தம் பிரிப்பதென்றால் சாண்டிக்கு ஞாபகம் தவறியதில்லை. "உங்கம்மாவுக்கு அத்தை மகன். உனக்குச் சித்தப்பா முறை ஆகுது."

"புத்தாண்டு வாழ்த்து, சித்தப்பா" என்று லாட்டி அவன் கன்னத்தில் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள்.

ஆற்றின் நடுவே வந்ததும் ஜெமைமா வெடித்தாள். "ஏண்டி அவளுக்கு முத்தம் கொடுத்தே? உனக்காகத்தானே நான் இவ்வளவும் செஞ்சேன்?"

"நீ முகத்தைத் திருப்பிட்டு அவளை விட்டுட்டேம்மா. செத்தவன்னு ஒதுக்கிட்டா அவளுக்கென்ன கஷ்டம்? கல்வீட்டுல கதவைச் சாத்திக்கிட்டு நிம்மதியா இருப்பா. நான் முத்தம் கொடுத்துட்டேன். இனி வருஷா வருஷம், உயிரோட இருக்கிறவரைக்கும், ஊரெல்லாம் பாக்க, பனியில இந்த ஆத்தைத் தாண்டி நம்ம வீட்டுக்கு வரணும். உன் பழி ஒரு நாள் பழி. என்னுது அப்படி இல்ல."

ஜெமைமா மகளைப் பார்த்தாள். வசந்தகாலத்துக்கப்புறம் முதன்முதலாகச் சிரித்தாள். குதிரை மிரண்டு காதை ஆட்டியது.

அடுத்த புத்தாண்டுக்கு அவள் தயாராகவே இருந்தாள். பெக்கி கோழி வறுக்கலாமென்றாள், இன்னொருத்தி மான் இறைச்சி என்றாள். "ஒண்ணும் வேண்டாம்" என்றாள் ஜெமைமா. நீரெலிகளைத் தலையோடு வறுத்தாள், பல்லெல்லாம் தெரிய. அந்தப் பொம்பளை அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு எழவேண்டும், எல்லாரும் பார்க்கவேண்டும் என்பது அவள் திட்டம். வீடு நிறைய ஆள். உட்கார இடமில்லாமல் முற்றத்தில் வேறு நெருப்பு மூட்டிக்கொண்டு நின்றார்கள்.

மிஸ் கின்லாக் வந்தாள். ஹெக்டர் வண்டி ஓட்டிவந்தான், உள்ளே வரவில்லை. அவள் குனிந்து லாட்டிக்கு முத்தம் கொடுத்தாள். ஜெமைமாவின் பக்கம் வரவில்லை, ஜெமைமாவும் நகரவில்லை. பிறகு மேஜையில் உட்கார்ந்தாள். ஜெமைமா ஒரு முழு நீரெலியைத் தட்டில் வைத்து அவள் முன்னால் தள்ளினாள்.

மிஸ் கின்லாக் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். முள்கரண்டியைத் தொடவில்லை. எலியை இரண்டு கையாலும் எடுத்து, பின்னங்காலைத் திருகி மூட்டைப் பட்டென்று விலக்கினாள். முதுகை விரலால் அழுத்திப் பிளந்து, முதுகெலும்போரத்துக் கசப்புச் சுரப்பியைக் கட்டைவிரல் நகத்தால் தோண்டி ஓரமாகத் துடைத்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்தாள். சுத்தமாக, எலும்பில் ஒன்றும் ஒட்டாமல். பெக்கியின் வாயில் ஈ போனாலும் தெரிந்திருக்காது.

அதைப் புத்தகம் படித்துக் கற்றுக்கொள்ள முடியாது. சின்ன வயசில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவேண்டும்.

"யார் சொல்லிக் கொடுத்தது?" என்றாள் ஜெமைமா.

"அப்பா." மிஸ் கின்லாக் தலை நிமிரவில்லை. "அவருக்கு ரொம்ப இஷ்டம். வேலைக்காரங்களை எல்லாம் அனுப்பிட்டு அவரே வறுப்பாரு. நாங்க ரெண்டு பேரும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கதவைத் தாழ்போட்டுட்டுத்தான் சாப்பிடுவோம். அவரு போனப்புறம் நான் சாப்பிட்டதே இல்லை."

லாட்டி அம்மாவைப் பார்த்தாள். ஜெமைமாவின் தாடை இறுகியிருந்தது. மன்னிப்பு அவள் முகத்தில் எங்கேயும் இல்லை. அவள் எழுந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வெளிக்கதவை முழுக்கத் திறந்து ஒரு விறகுக்கட்டையை முட்டுக்கொடுத்தாள். குளிர் வெள்ளமாக உள்ளே பாய்ந்தது. முற்றத்தில் நின்றவர்கள், வண்டியில் உட்கார்ந்திருந்த ஹெக்டர், ஆற்று ரோட்டில் போய்க்கொண்டிருந்த மேற்குக்கரை வண்டிகள், எல்லாருடைய கண்ணும் நேராக மேஜைக்கு வந்தது.

ஜெமைமா திரும்பி வந்து இன்னொரு எலியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"இந்த வீட்டுல திறந்து வெச்சுத்தான் சாப்பிடுவோம் அத்தை" என்றாள். "சாப்பிடுங்க."